கட்டார் மெடிக்கலில் ஹெபடைடிஸ் பி என்று வந்தது, கிளினிக்கில் மருந்து தரவில்லை: என்ன செய்வது?

கேட்டிருப்பவர் மருதமுனைப் பக்கத்துத் தங்கச்சி ஒருவர். சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான். கணவருக்கு 31 வயது. கட்டாருக்குப் போக மெடிக்கல் செய்த இடத்தில் ஹெபடைடிஸ் பி (ஈரலைத் தாக்கும் வைரஸ் தொற்று) இருக்கிறதென்று ‘அன்பிட்’ போட்டுவிட்டார்கள். அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் விடியற்காலையே நம்பர் எடுத்து, மத்தியானம் வரை காத்திருந்து உள்ளே போனால், டொக்டர் ரிப்போட்டைப் பார்த்துவிட்டு “இப்ப மருந்து தேவையில்லை, ஆறு மாதம் கழிச்சு வாங்க” என்று அனுப்பிவிட்டார். வைரல் லோட் டெஸ்டை (இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு இருக்கிறதென்று பார்ப்பது) வெளியே செய்யச் சொல்லி ஒரு துண்டும் கொடுத்திருக்கிறார், அதற்குக் கையில் காசில்லை. “இவ்வளவு பெரிய வருத்தத்துக்கு மருந்தே தராமல் விடுகிறார்களே, இது கவனயீனமா? கொழும்புக்குத்தான் போகவேண்டுமா? எனக்கும் பிள்ளைக்கும் என்ன ஆகும்?” என்று கேட்கிறார்.

நான் கிழக்கில் பல வருஷம் மெடிக்கல் வார்டிலும் கிளினிக்கிலும் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். இதே கேள்வியை நேரில் கேட்டு அழுதவர்கள் நிறையப் பேர். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தங்கச்சி, மருந்து தராமல் அனுப்பியது அநேகமாகச் சரியான முடிவாகத்தான் இருக்கும். ஏன் தரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பியது பிழை. இது இரண்டும் வேறு வேறு. காரணம் சொல்லாததால் கோபப்பட்டு, அல்லது “மருந்தே தேவையில்லையாம், அப்ப ஒன்றுமில்லை” என்று நிம்மதிப்பட்டு, கிளினிக்கை விட்டுப் போகிறவர்களைத்தான் இந்த வருத்தம் பிறகு கொண்டுபோகிறது. எனக்குப் பயம் அதில்தான்.

முதலில் உங்கள் வீட்டுக்குள் தீரவேண்டிய ஒன்று. நீங்கள் எழுதவில்லை, ஆனால் இந்த ரிப்போட் வந்த முக்கால்வாசி வீடுகளில் நான் கண்டது: “இவர் எங்கேயோ போய்ப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார்” என்ற சந்தேகம். ஹெபடைடிஸ் பி இரத்தத்தாலும் உடலுறவாலும் தொற்றும், உண்மைதான். ஆனால் வளர்ந்த ஆளுக்குத் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் உடம்பே அதை ஆறு மாதத்துக்குள் துடைத்துவிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றிய பிள்ளைகளில்தான் பத்தில் ஒன்பது பேருக்கு அது நிரந்தரமாகத் தங்குகிறது. சின்ன வயதில் தொற்றினாலும் தங்கிவிடும் வாய்ப்பு அதிகம். இலங்கையில் பிள்ளைகளுக்கான தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி ஊசி சேர்ந்தது 2003இல். உங்கள் கணவர் அதற்கு முன் பிறந்தவர். நெடுநாள் தொற்று என்று உறுதியானால், தவழ்ந்து திரிந்த காலத்திலேயே அது உடம்புக்குள் வந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம். இந்த ஒரு ரிப்போட்டை வைத்து ஒருவரின் ஒழுக்கத்தை எடைபோட முடியாது. மாமியாரையும் குற்றம் சொல்ல வேண்டாம், அந்தக் காலத்தில் தனக்கு இருந்தால்கூட அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

சரி, ஏன் மருந்து தரவில்லை?

இந்த வைரஸ் ஈரலில் குடியிருக்கிறது. சிலருக்கு வருஷக்கணக்கில் சும்மா இருக்கும். சிலருக்கு ஈரலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பாக்கி, சிரோசிஸ் வரை, புற்றுநோய் வரை கொண்டுபோகும். இப்போதுள்ள குளிசைகள் வைரஸ் பெருகுவதை அடக்கும், முழுதாக ஒழிக்காது. ஆகவே தொடங்கினால் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில், பலருக்கு ஆயுள் முழுக்க எடுக்கவேண்டும். சும்மா இருக்கும் வைரஸுக்கு ஆயுள் மருந்து வேண்டுமா என்பதைத்தான் டொக்டர் பார்க்கிறார். “ஆறு மாதம் கழிச்சு வாங்க” என்பதிலும் காரணம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தால்தான் அது நெடுநாள் தொற்று என்று சொல்வார்கள். ஒருவேளை அண்மையில் தொற்றியதாக இருந்தால் அதற்குள் தானே மறைந்துவிடலாம். ஈரல் பரிசோதனையையும் ஒருமுறை பார்த்து முடிவெடுக்க முடியாது, ஏறி இறங்கும். இவ்வளவையும் இரண்டு நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, அதுதான் உங்கள் வேதனை.

ஆனால் மருந்து தேவையா இல்லையா என்பதற்குச் சில எண்கள் உண்டு. அவற்றை நீங்களும் தெரிந்து வைத்திருங்கள், அடுத்த கிளினிக்கில் கை கொடுக்கும். உலக சுகாதார நிறுவனம் 2024இல் தன் வழிகாட்டியை மாற்றி, முன்பைவிட அதிகமானவர்களுக்கு மருந்து தொடங்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. 2015இல் பொதுவாக வைரல் லோட் 20,000க்கு மேல் என்று இருந்தது. இப்போது 2,000க்கு மேலிருந்து, எஸ்.ஜி.பி.டி. என்ற ஈரல் நொதியும் கூடியிருந்தால் போதும். அந்த எஸ்.ஜி.பி.டி.யிலும் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. லேப் ரிப்போட்டில் 40 வரை, சில இடத்தில் அதற்கு மேலும் ‘நோர்மல்’ என்று அச்சிட்டிருப்பார்கள். இந்த வழிகாட்டி ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19 என்றுதான் எல்லை போடுகிறது. 38 வந்த ஆண் ரிப்போட்டைப் பார்த்துச் சந்தோஷப்படுவார், ஆனால் அவரை இன்னொருமுறை பார்க்கவேண்டும்.

ஈரல் எவ்வளவு தழும்பாகியிருக்கிறது என்பதற்கு ஃபைப்ரோஸ்கேன் என்ற மெஷின் இருக்கிறது, எல்லா ஆஸ்பத்திரியிலும் கிடைக்காது. அது இல்லாமலே, சாதாரண இரத்தப் பரிசோதனை இரண்டை வைத்து ‘ஏப்ரி’ என்ற கணக்குப் போடலாம். எஸ்.ஜி.ஓ.டி. என்ற இன்னொரு ஈரல் நொதியின் எண்ணை அதன் நோர்மல் மேல் எல்லையால் வகுத்து, நூறால் பெருக்கி, பிளேட்லட் (இரத்தத்தை உறையவைக்கும் அணு) எண்ணிக்கையால் (ஆயிரத்தில்) வகுக்கவேண்டும். எஸ்.ஜி.ஓ.டி. 48, எல்லை 40, பிளேட்லட் 240 ஆயிரம் என்றால் விடை 0.5. எஸ்.ஜி.ஓ.டி. 72, பிளேட்லட் 120 ஆயிரம் என்றால் 1.5. வளர்ந்தவர்களில் 0.5ஐத் தாண்டினால் குறிப்பிடத்தக்க தழும்பு இருக்கலாம், 1ஐத் தாண்டினால் சிரோசிஸ் இருக்கலாம் என்று எடுக்கிறார்கள். அப்படி வந்தால் வைரல் லோட் எவ்வளவு என்று பார்க்காமலே மருந்து தொடங்கலாம் என்கிறது அதே வழிகாட்டி. இந்தக் கணக்கை வைத்து நீங்களே முடிவெடுக்க வேண்டாம், வேறு காரணத்தாலும் இந்த எண்கள் ஏறும். டொக்டரிடம் “ஏப்ரி எவ்வளவு வருகுது டொக்டர்?” என்று கேளுங்கள். கேட்டவருக்குப் பதில் கிடைக்காமல் போவதை நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன்.

இன்னும் சிலது வைரல் லோட் காத்திராமல் கணக்கில் வரும்: குடும்பத்தில் யாருக்காவது ஈரல் புற்றுநோயோ சிரோசிஸோ இருந்தது, கூடவே சீனி வருத்தமோ கொழுப்பு ஈரலோ இருக்கிறது, வேறு வருத்தத்துக்கு நெடுநாள் ஸ்டீரொயிட் எடுக்கிறார் என்பவை. டொக்டர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லுங்கள். “வாப்பாவின் தம்பி வயிறு வீங்கி மௌத்தானவர்” என்ற ஒரு வரி முடிவையே மாற்றலாம். அதைப் பலர் வெட்கத்தில் சொல்வதில்லை.

வைரல் லோட் செலவு பற்றி. எங்கள் பக்கத்து ஆட்களை அதிகம் உடைப்பது இதுதான். துண்டைக் கையில் வாங்கிக்கொண்டு நேரே பிரைவேட் லேபுக்கு ஓடாதீர்கள், கொழும்புக்கு இரவு பஸ்ஸும் ஏறாதீர்கள். முதலில் கிளினிக்கிலேயே கேளுங்கள்: “இங்கேயே இரத்தம் எடுத்து அரசாங்க லேபுக்கு அனுப்ப முடியுமா?” இரத்த மாதிரி பயணம் செய்யலாம், நோயாளி பயணம் செய்யவேண்டிய கட்டாயம் இல்லை. முடியாது என்றால் அடுத்த கேள்வி: “இது இப்பவே வேண்டுமா, எஸ்.ஜி.பி.டி.யை இன்னொருமுறை பார்த்துவிட்டுச் செய்யலாமா?” வைரல் லோட் செய்ய வழியில்லாத இடத்தில், எஸ்.ஜி.பி.டி. தொடர்ந்து கூடியிருந்தாலே மருந்து தொடங்கலாம் என்றும் அந்த 2024 வழிகாட்டி சொல்கிறது. காசில்லை என்பதைச் சொல்ல வெட்கப்படவேண்டாம். சொல்லாவிட்டால், டெஸ்டும் இல்லை மருந்தும் இல்லை என்று கொப்பி அப்படியே மூடிக் கிடக்கும்.

கிளினிக்குகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதையும் சொல்லவேண்டும். உலகத்தில் 2022இல் ஏறத்தாழ 25 கோடியே 40 இலட்சம் பேருக்கு இந்த நெடுநாள் தொற்று இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அதில் தனக்கு இருப்பதைத் தெரிந்துகொண்டவர்கள் 13 சதவீதம், மருந்தில் இருந்தவர்கள் வெறும் 3 சதவீதம். ஆகவே இது எங்கள் ஊர்க் கதை மட்டுமில்லை. இலங்கை இந்தத் தொற்று குறைவான நாடு, அது நல்ல செய்தி. ஆனால் அதனாலேயே சாதாரண மெடிக்கல் கிளினிக்கில் சீனி, பிரஷர், ஆஸ்துமா என்று வரிசை நிற்க, நடுவில் எப்போதாவது ஒரு ஹெபடைடிஸ் பி வருகிறது. அதை விளக்கிச் சொல்லிப் பழக்கப்பட்ட ஆட்கள் குறைவு. அப்புறம் மொழி. சிங்களம் மட்டும் தெரிந்த இளம் டொக்டர், தமிழ் மட்டும் தெரிந்த நோயாளி, இங்கிலீஷில் ரிப்போட். நடுவில் நேர்ஸோ அற்றெண்டனோ நின்று சொல்வது, “ஒன்றுமில்லையாம், பிறகு வரட்டாம்.” டொக்டர் சொன்ன நாலு வரி இப்படி மூன்று சொல்லாகிவிடும். அம்பாறை மாவட்டத்தில் இதைத் தினமும் காணலாம்.

ஒருவரை மறக்க முடியவில்லை. வாவிக்கரைப் பக்கத்து மீன்பிடிக்காரர், வயிறு நீர் வைத்து, கால் வீங்கி, கண் மஞ்சளாகி வார்டுக்கு வந்தார். மனைவி கையில் ஒரு சொப்பிங் பேக், உள்ளே பழைய தாள்கள். அதில் நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்துபோன ஒரு கடிதம். இரத்ததானம் செய்தபோது ஹெபடைடிஸ் பி இருப்பதாக வந்தது, வைத்தியரைச் சந்திக்கவும் என்று வருஷக்கணக்குக்கு முன் அனுப்பியது. இங்கே தானம் செய்யும் இரத்தம் எல்லாவற்றையும் இதற்குப் பரிசோதிப்பார்கள், அப்படித் தெரியவந்திருக்கிறது. அவர் அப்போதே போயிருக்கிறார். “மருந்து தேவையில்லை” என்றார்களாம். அதோடு விட்டுவிட்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓர் இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்த்திருந்தால் இடையில் எங்காவது பிடித்திருப்போம். பொறுமையாக உட்காரவைத்து, “இப்போது தேவையில்லை, ஆனால் ஆயுள் முழுக்க உங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்” என்று அன்றைக்கு யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் அந்தக் கோபம் ஆறவில்லை.

அதனால்தான் சொல்கிறேன், ஒரு கொப்பி வாங்குங்கள். கிளினிக் கொப்பியைத் தவிர உங்களுக்கென்று ஒன்று. தேதி, எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி., பிளேட்லட், ஸ்கேன் என்ன சொன்னது, வைரல் லோட் செய்திருந்தால் அந்த எண். ஒவ்வொரு தடவையும் ஒரு வரி. ரிப்போட்டுகளைப் போனில் படம் பிடித்து வையுங்கள், சில லேப் தாள்களில் மை வருஷத்தில் மங்கிவிடும். ஒவ்வொரு முறையும் வேறு டொக்டர்தான் இருப்பார் என்று எண்ணிக்கொண்டே போங்கள். உள்ளே போனதும் வருத்தத்தின் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்லாமல், கொப்பியை விரித்து வைத்து, “இவருக்கு மருந்து தொடங்கும் நிலை வந்துவிட்டதா? இல்லையென்றால் எது மாறினால் தொடங்குவீர்கள்?” என்று கேளுங்கள். பதிலை அங்கேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மொழி தெரிந்த பிள்ளை ஒருவரைக் கூட்டிப்போவது நல்லது, ஆனால் ஊர் முழுக்கச் சொல்லிவிடாத ஆளாகப் பாருங்கள்.

மருந்து தொடங்கினால் அநேகமாக டெனோஃபோவிர் 300 மில்லிகிராம், அல்லது என்டெகாவிர். நாளுக்கு ஒரு குளிசைதான். டெனோஃபோவிர் எச்.ஐ.வி.க்கும் பாவிக்கும் மருந்து. போத்தலிலும் உள்ளே இருக்கும் தாளிலும் அப்படி எழுதியிருக்கும். அதை வாசித்துவிட்டு வீட்டில் பிரளயமே நடந்திருக்கிறது. ஒரு பெண் போத்தலைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்கே போய்விட்டாள். இரண்டும் வேறு வேறு வைரஸ், மருந்து மட்டும்தான் ஒன்று. இதை இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, சிறுநீரகத்தை இடைக்கிடை பரிசோதிக்கவேண்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், தானாக நிறுத்தக்கூடாது. திடீரென்று விட்டால் அடங்கிக் கிடந்த வைரஸ் ஒரேயடியாகக் கிளம்பி ஈரலைச் செயலிழக்கச் செய்யலாம். 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு எப்படி இருந்ததென்று உங்களுக்கே தெரியும். ஆஸ்பத்திரியில் ‘இல்லை’ என்றால் அடுத்த கிளினிக் வரை சும்மா இருக்காமல், அன்றைக்கே துண்டு எழுதி வாங்கி வெளியே எடுங்கள். கடைசிக் குளிசை வரை காத்திருக்காமல் ஒரு கிழமைக் குளிசையைக் கையிருப்பில் வைத்திருப்பது புத்தி.

கீழ்க்காய்நெல்லி பற்றி நிச்சயம் யாராவது சொல்லியிருப்பார்கள். செங்கமாரி (மஞ்சள் காமாலை) என்றாலே எங்கள் ஊரில் அதுதானே. இதற்கு ஒரு வரலாறே உண்டு. 1988இல் சென்னை ஆய்வாளர்கள் அதைக் கொடுத்த நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு வைரஸின் அடையாளம் மறைந்ததாகப் பெரிய மருத்துவ இதழில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு தாய்லாந்து உட்படப் பிற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதை நம்பிக் கிளினிக்கை விடாதீர்கள். பெயர் தெரியாத சூரணம், லேகியம் எதுவும் வேண்டாம், சில ஈரலையே தாக்கும். சாராயம், கசிப்பு அறவே கூடாது.

வெளிநாட்டு விஷயத்தில் உங்களுக்கு நோகும் என்று தெரிந்தும் சொல்கிறேன். வளைகுடா நாடுகளுக்கான மெடிக்கலில் இரத்தத்தில் இந்த வைரஸின் அடையாளம் இருந்தாலே அன்பிட்தான். “மூன்று மாதம் இந்த மருந்தைக் குடித்தால் நெகட்டிவ் ஆக்கித் தருவோம்” என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். நெடுநாள் தொற்றில் இந்த அடையாளம் தானாக மறைவது வருஷத்துக்கு நூறில் ஒருவருக்குத்தான், குளிசை எடுத்தாலும் மறைவது அரிது. ஆறு மாதத்துக்குப் பிறகு திரும்பச் செய்து பார்ப்பதில் நியாயம் இருக்கிறது, அதற்கு முன் வேறு வேறு இடங்களில் மாறி மாறிச் செய்து காசைக் கரைக்கவேண்டாம். இங்கே வேலை செய்ய இந்தத் தொற்று தடையே இல்லை. வயலோ கடையோ தறியோ, எதையும் அவர் செய்யலாம்.

இனி நீங்களும் பிள்ளையும். ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதாலோ, ஒரே சஹனில் சாப்பிடுவதாலோ, பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவதாலோ இது தொற்றாது. அவரைத் தனிக் கோப்பை, தனிப் பாய் என்று ஒதுக்கிவிடாதீர்கள். ரேசர், நகவெட்டி, பல்துலக்கி மட்டும் அவருக்கெனத் தனியாக இருக்கட்டும். வெளியே வந்த இரத்தத்தில் வைரஸ் ஏழு நாளுக்குக் குறையாமல் உயிரோடு இருக்கும். சலூனில் புது பிளேட் போடச் சொல்லவேண்டும். நீங்கள் ஹெபடைடிஸ் பி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இல்லை என்று வந்தால் தடுப்பூசி மூன்று: முதல் ஊசி, ஒரு மாதத்தில் அடுத்தது, ஆறாம் மாதம் கடைசி. அது முடிந்து, பாதுகாப்பு வந்துவிட்டதென்று பரிசோதனையில் தெரியும் வரை ஆணுறை பாவிக்கவேண்டும். பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள், பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான கூட்டு) ஊசி மூன்றும் போட்டிருந்தால் ஹெபடைடிஸ் பி அதற்குள்ளேயே இருக்கிறது. கணவரின் கூடப்பிறந்தவர்களும் தாயும் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ளட்டும். யாரும் சொல்லாமல் விடுவது அவர்களைத்தான்.

நீங்கள் அடுத்த பிள்ளைக்குக் கர்ப்பமாக இருந்தால், உங்கள் பரிசோதனை முடிவை மிட்வைஃபிடமும் பிரசவ வார்டிலும் முன்கூட்டியே சொல்லவேண்டும். உங்களுக்குத் தொற்று இருந்தால் பிள்ளைக்குப் பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் ஊசி விழவேண்டும், வைரல் லோட் கூடுதலாக இருந்தால் உங்களுக்குக் கர்ப்ப காலத்திலேயே குளிசை தருவார்கள். தாய்ப்பால் கொடுக்கலாம்.

கொழும்பு? இப்போதைக்குத் தேவையில்லை. கல்முனையிலோ மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலோ தொடர்ந்து ஒரே கிளினிக்கில் காட்டுங்கள். எண்கள் குழப்பமாக வந்தால், அல்லது ஸ்கேனில் ஈரலில் கட்டி, தழும்பு என்று ஏதாவது எழுதினால், அப்போது ஈரல் நிபுணரிடம் கடிதம் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள். கடிதத்தோடு போனால் அங்கே திரும்ப முதலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை. இடையில் கண் மஞ்சளாதல், வயிறு அல்லது கால் வீங்குதல், இரத்தமாக வாந்தி, தார் போலக் கறுப்பாக மலம், ஆள் தடுமாறிப் பேசுதல் என்று எதைக் கண்டாலும் கிளினிக் தேதி பார்க்காமல் அன்றைக்கே வார்டுக்குக் கொண்டுபோங்கள். அவரிடமுள்ள எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி., பிளேட்லட் மூன்றையும், குடும்பத்தில் ஈரல் வருத்தம் யாருக்கும் இருந்ததா என்பதையும் எழுதி அனுப்பினால், கிளினிக்கில் என்ன கேட்கவேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.